வெங்காயத்துக்குள் இடிந்த சுவர்

கல்லூரிக்குப் புதிதாக வந்த முதல்வர் தர்மலிங்கத்துக்குத் தடுப்புச் சுவர் என்றாலே ஆகாது. எல்லாரும் தன் பார்வையிலேயே வேலை செய்ய வேண்டும் அவருக்கு. ஆய்வகத்துக்கு வந்தவர், அமில அறைக்கும் ஸ்பிரிட் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை அன்றைக்கே இடிக்கச் சொன்னார்.

பேராசிரியர்கள் "சரி சார்" என்று தலையாட்டினார்கள். ஆய்வக உதவியாளர் செவந்திதான் முன்னால் வந்தாள். பதினோரு வருஷமாகியும் நிரந்தரமாகாத வேலை அவளுடையது.

"ரெண்டும் கலந்தா தீப்பிடிக்கும் சார்," என்றாள்.

"எனக்கே பாடமா? சுவர் எதுக்குன்னு ஒரே நிமிஷத்துல கண்ணால பார்க்கிற மாதிரி காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

மேஜையில் மைக்ராஸ்கோப் வகுப்புக்கு வாங்கிய வெங்காயம் இருந்தது. ஒன்றை உரித்துப் பொடிப்பொடியாக நறுக்கினாள்.

"கிட்ட வந்து பாருங்க சார்."

குனிந்து பார்த்தவருக்குக் கண்ணீர் வழிந்தது. "என்னத்தைக் கலந்தே?"

"நான் எதையும் கலக்கலை சார். வெங்காயத்தோட ஒவ்வொரு செல்லும் ரெண்டு பொருளைத் தனித்தனி அறையில வச்சிருக்கு. அப்படி இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. கத்தி தடுப்பைக் கிழிச்சதும் ரெண்டும் சேர்ந்து கண்ணைக் கரிக்குது."

முதல்வர் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"சுவர் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவர் அழுதுகொண்டே போவதைப் பார்த்துப் பதறி ஓடிவந்தாள் டைப்பிஸ்ட் மரகதம். "ஐயாவுக்கு என்னடி ஆச்சு?"

செவந்தி கத்தியைக் கழுவி வைத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு வெங்காயத்துக்குள்ள சுவர் இடிஞ்சுபோச்சு."