நான்கு ஆள் கல்லும் நத்தை சொன்ன வழியும்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மலையெல்லாம் இன்றைக்கு இருப்பதைவிட ஒரு முழம் உயரமாக இருந்த காலத்திலே, பாறைக்குட்டம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். யாராவது பாடுபட்டால், அவர்களுடைய வழியைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவளுக்கு எதிரே ஓடிப் போய்க் குடத்தை வாங்குவார்கள். சம்பந்தி வீட்டார் நடந்து வந்தால் பாதி வழியிலேயே இலை போட்டுச் சோறு வைத்துவிடுவார்கள். வழி குறைந்தால் பாடு குறையும். இதுதான் அந்த ஊர்க் கணக்கு. இன்னொன்றும் உண்டு. செய்த உதவியை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் புண்ணியம் போய்விடும்.

நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

அந்த ஊரில் பொன்னுரங்கன் என்று ஒரு சுமைகாரர். தாயில்லாத அவருடைய மகள் சிலம்பாயிக்கு வயது பன்னிரண்டு. ஒருநாள் காலை கோணவாயன் என்ற மந்திரவாதி வந்து, தன்னைக் கூடையில் வைத்து மலைக்குச் சுமந்து போகச் சொன்னான். ஆள் நல்ல பருமன். பொன்னுரங்கன் கூடையைத் தலையில் ஏற்றி நடந்தார். ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் தூண், மேலே ஒரு பலகைக் கல், நாலு முழ உயரம். அதன் மேல் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"என்னை வைக்கோல் கட்டு மாதிரி இறக்கி வைக்கிறாயா?" என்றான் கோணவாயன்.

"கழுத்து ஒடியுது சாமி. ரெண்டு மூச்சு விட்டுட்டுத் தூக்குறேன்."

"பாரத்தை இறக்கியவனே, நீயே பாரமாகக் கிட."

அவ்வளவுதான். பொன்னுரங்கன் நின்ற இடத்தில் இடுப்பு உயர உருண்டைக் கல் ஒன்று கிடந்தது. அசைக்க நாலு ஆள் வேண்டும். அப்படிப்பட்ட கல்.

சிலம்பாயி ஓடி வந்தாள். அழுதாள். காலில் விழப் பார்த்தாள், காலோ நாலு முழ உயரத்தில் இருந்தது.

"அழாதே. என் மந்திரத்துக்கும் ஒரு வாசல் உண்டு," என்றான் கோணவாயன். "இந்தக் கல்லை நீ ஒருத்தியே, வேறு கை கல்லில் படாமல், நான் உட்கார்ந்திருக்கும் இந்தப் பலகைக்கு ஏற்றிவிடு. உன் அப்பன் மனிதனாவான். மூன்றாம் நாள் பொழுது சாயும்வரை பொறுப்பேன். அப்புறம் கல் கல்தான்."

சொல்லிவிட்டு மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

முதல் நாள். சிலம்பாயி தோள் கொடுத்துத் தள்ளினாள். கல் அசையவில்லை. தூணில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. நேராக ஏறவில்லை, தூணைச் சுற்றிச் சுற்றி ஏறியது.

"ஏன் இப்படிச் சுத்துற? நேரா ஏறினா சீக்கிரம் போயிடலாமே," என்றாள் சிலம்பாயி.

நத்தை கொம்பை நீட்டியது. "முதுகில் வீடு இருக்கிறது. நேராகப் போனால் வீடு என்னைக் கீழே இழுக்கும். நீளமாகப் போவேன், லேசாகப் போவேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அப்பா ஆட்டுக்கல் நகர்த்துவது ஞாபகம் வந்தது. நீளமான பனங்கழி கொண்டு வந்தாள். ஒரு முனையைக் கல்லுக்கு அடியில் செருகினாள். கல்லுக்கு ஒரு சாண் தள்ளிக் கழிக்கு அடியில் ஒரு முட்டுக்கல் வைத்தாள். மறு முனையைப் பிடித்துத் தொங்கினாள். அவள் முனை ஓர் ஆள் உயரம் இறங்கியது. கல் நாலு விரல் எழும்பியது.

நாலு விரல்தான். ஆனால் எழும்பிவிட்டது. அடியில் தட்டைக் கல் செருகினாள். மறுபடி தொங்கினாள். மறுபடி நாலு விரல். மத்தியானத்துக்குள் அப்பா ஒரு முழம் உயர்ந்துவிட்டார். சிலம்பாயி கஞ்சி குடிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஊர் மணியக்காரர் வடமலை நாலு பேரோடு வந்தார்.

"ஐயோ பாவம், நாலு விரலுக்கு ஆள் உயரம் தொங்குதே புள்ள," என்றார். "முட்டுக்கல்லை அவ பக்கமா நகர்த்துங்கடா. தொங்குற தூரம் பாதியாகட்டும்."

நகர்த்தினார்கள். கல்லைத் தொடவில்லை. சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

சிலம்பாயி திரும்பி வந்து தொங்கினாள். கழி இறங்கவில்லை. ஊஞ்சல் போல ஆடினாள். இறங்கவில்லை. எகிறிக் குதித்துத் தொங்கினாள். கழி புரண்டது, அடுக்கு சரிந்தது, கல் பொத்தென்று தரையில் விழுந்தது.

"காலையில வந்தீங்களே அப்பா," என்றாள் கல்லைப் பார்த்து. "இப்ப என்ன கோவம்?" பிறகு மேலே பார்த்தாள். "நீங்க ஏதாவது மந்திரம் போட்டீங்களா?"

"நான் விரலைக்கூட அசைக்கவில்லை," என்றான் கோணவாயன். அது உண்மைதான்.

நத்தையைக் கேட்டாள். "நீளமாகப் போவேன், லேசாகப் போவேன்," என்றது நத்தை. அதற்கு வேறு பேச்சே தெரியாது போலிருந்தது.

இரண்டாம் நாள். சிலம்பாயி பனைமரத் துலாக்களைச் சேர்த்துக் கட்டி, முப்பத்திரண்டு முழ நீளத்துக்கு ஒரு சாய்வுப் பாதை போட்டாள். ஒரு முனை தரையில், மறு முனை சுமைதாங்கிப் பலகையில். கல்லைத் தள்ளிப் பார்த்தாள். நாலு ஆள் கல், அரை ஆள் கல் போல உருண்டது. அவளுக்கே பயமாக இருந்தது. அப்பா இளைத்துவிட்டாரோ என்று கல்லைத் தடவிப் பார்த்தாள். அதே பருமன்தான். கல்லைத் தரைக்கே உருட்டி வைத்துவிட்டு, வழியில் நின்று மூச்சு வாங்கும்போது கல் உருண்டு வராமல் தடுக்க அடைகட்டைகள் வேண்டுமே என்று வீட்டுக்கு ஓடினாள்.

மணியக்காரர் வந்தார். பாதையின் நீளத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நாலு முழம் ஏற முப்பத்திரண்டு முழம் நடக்கணுமா பச்சைப் புள்ள? ரம்பத்தை எடுங்கடா. பாதியா அறுங்க."

அறுத்தார்கள். மீதிப் பதினாறு முழத்தைச் சரிவு கூட்டிச் சாய்த்து வைத்தார்கள். புண்ணியம் போய்விடக்கூடாதென்று அறுத்த துண்டுகளோடு மரத்தூளையும் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள்.

சிலம்பாயி வந்தாள். பாதை பாதியாக இருந்தது. மந்திரவாதியைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். சரி, பாதி வழிதானே என்று தள்ளினாள். மூன்று முழம் ஏறியது. கால் வழுக்கியது. கல் அவளைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. மறுபடி தள்ளினாள், மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவை முழங்கால் சிராய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

வழி குறைந்திருக்கிறது. கல் கனத்திருக்கிறது. அதே கல், அதே பெண். எப்படி? உங்களுக்குக் குழப்பமாக இருந்தால், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருபக்கம் மந்திரம் என்றாள், ஒருபக்கம் விதி என்றாள், கடைசியில் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள். கிடைத்த மரங்களை மறுபடி சேர்த்து முப்பத்திரண்டு முழப் பாதை போட்டாள். இந்தத் தடவை கஞ்சி குடிக்கப் போவதுபோல் போய், புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மணியக்காரர் வந்தார். ரம்பம் வந்தது. மரத்தில் பல் பட்டதும் சிலம்பாயி வெளியே வந்தாள்.

"என்ன மணியக்கார மாமா செய்யறீங்க?"

மணியக்காரர் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"சும்மாவா ரம்பம் எடுத்துட்டு வருவாங்க?"

"கேக்காத புள்ள. சொன்னா எங்க புண்ணியம் போயிரும்."

"எங்கப்பா போயிடுவாரு மாமா."

அவர் தலையைக் குனிந்தார். முட்டுக்கல்லை நகர்த்தியதையும் சொன்னார், அறுத்ததையும் சொன்னார். "உன் பாடு குறையட்டும்னுதானேம்மா குறைச்சோம்," என்றார். அழுதும்விட்டார். அழட்டும். இரண்டு நாள் அந்தக் குழந்தை அழவில்லையா?

சிலம்பாயி பாதையை அளந்தாள். சுமைதாங்கி நாலு முழம். நான்கு எட்டு முப்பத்திரண்டு. எட்டு மடங்கு வழி, எட்டில் ஒரு பங்கு பாரம். பாதியாக்கினால் நாலு மடங்கு வழி, நாலில் ஒரு பங்கு பாரம். கழியில் ஆள் உயரம் அவள் இறங்கினாள், அதனால்தான் நாலு விரல் அப்பா ஏறினார். தூணைப் பார்த்தாள். நத்தை உச்சிக்குப் போய்விட்டிருந்தது.

"நீளமாப் போனா லேசாப் போகலாம்," என்று மெல்லச் சொன்னாள். "மாமா, குறைச்சதெல்லாம் உதவி இல்ல. ரம்பத்தைத் தூரப் போடுங்க."

போட்டார். சிலம்பாயி தள்ளத் தொடங்கினாள். கல் உருண்டது. ஊரே கூடி நின்று பார்த்தது. மேலே இருந்த கோணவாயனுக்கு முதல்முறையாக வியர்த்தது. பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை.

அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். கல்லின் பாரம் இரட்டிப்பானது. எட்டு ஆள் கல். சிலம்பாயியைத் தள்ளிக்கொண்டு கல் கீழே வந்து நின்றது.

"பாரத்தைக் கூட்ட மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே," என்றான்.

சிலம்பாயி நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "பாரம் ரெட்டிப்புன்னா வழியும் ரெட்டிப்பு. மாமா, இன்னும் முப்பத்திரண்டு முழம் வேணும்."

"ஊர்ல மரமே இல்லையேம்மா."

"கதவு இருக்கே."

பாறைக்குட்டத்து மனிதர்களுக்குத் தலை சுற்றியது. பிறந்தது முதல் வழியைக் குறைத்தே பழகியவர்கள். வழியை நீட்டி உதவுவது என்றால் என்ன என்றே தெரியாது. "நாங்க தூரம் கூட்டினா நீ கூடத்தானே நடக்கணும்?" என்றாள் ஒருத்தி. "கதவைக் கழட்டினா வீட்டுக்குள்ள நாய் வருமே?" என்றான் ஒருவன்.

மணியக்காரர் நேராக வீட்டுக்குப் போய்த் தன் தேக்குக் கதவைப் பிடுங்கி முதுகில் வைத்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் ஊரே ஓடியது. கதவு வந்தது, கட்டில் வந்தது, ஏணி வந்தது, முந்தின நாள் அறுத்து ஒளித்த துண்டுகளும் வந்தன. அடியில் மண்ணையும் கல்லையும் கொட்டி, அறுபத்துநாலு முழத்துக்குப் பாதை நீண்டது. ஒரு கைகூடக் கல்லில் படவில்லை.

சிலம்பாயி தள்ளினாள். எட்டு ஆள் கல், அரை ஆள் கல் போல உருண்டது. பத்து முழம் போய் நின்றாள், அடைகட்டை வைத்தாள், மூச்சு வாங்கினாள். மறுபடி தள்ளினாள். கதவுகளைத் தாண்டினாள், கட்டில்களைத் தாண்டினாள். கால் இரண்டும் ஓய்ந்துபோயின. வழி அவ்வளவு நீளம். ஆனால் ஓரிடத்தில்கூடக் கல் அவளை மீறவில்லை. சூரியன் மலை விளிம்பைத் தொட்ட நேரத்தில் கல் பலகையில் ஏறி, கோணவாயனை இடித்துக் கீழே தள்ளிவிட்டு நின்றது.

கல் வெடித்தது. பொன்னுரங்கன் சுமைதாங்கியின் மேல் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

கோணவாயன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "எட்டு ஆள் பாரம் வைத்தேன். நீ அரை ஆள் பலம்தான் போட்டாய். மீதியை எங்கே ஒளித்தாய்?"

"ஒளிக்கல சாமி. வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாச் சுமந்தேன்."

அவனுக்கு அது விளங்கவில்லை. தான் வைத்த பாரம் எங்கே என்று தெரியாத மந்திரவாதிக்கு மந்திரம் எப்படிப் பலிக்கும்? அன்றோடு எல்லாம் மறந்துபோயிற்று. ஒவ்வொரு கதவாகத் தூக்கி அடியில் பாரத்தைத் தேடினான். கதவு முடிந்ததும் கட்டில், கட்டில் முடிந்ததும் ஏணி. ஊர்க்காரர்கள் அவனுக்கு இரக்கப்பட்டு வழியைக் குறைக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அவர்களை நான் மெச்சுகிறேன்.

அதற்குப் பிறகு பாறைக்குட்டத்தில் எந்தச் சுமை ஏறினாலும் சிலம்பாயி வந்து வழி அளந்து கொடுத்தால்தான் ஏறும். மணியக்காரரே எழுந்து நின்று அவளுக்கு இடம் விடுவார்.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கன் மகள் கையைப் பிடித்துக் கீழே இறங்கினார். ஊர்க் கதவையெல்லாம் மிதித்துக்கொண்டு நடந்தார்.

"ஏம்மா, நான் ரொம்பக் கனமா இருந்தேனா?"

"முதல்ல கனமா இருந்தீங்க அப்பா," என்றாள் சிலம்பாயி. "அப்புறம் நீளமா இருந்தீங்க."

அவருக்கு அது புரியவில்லை. நடந்துகொண்டே யோசித்தார். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கதவில்லாத அந்த ஊர் அன்று நிம்மதியாகத் தூங்கியது. நீங்களும் எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள்.