தனி ஆவர்த்தன நேரத்துக் காப்பி

மாணவர்களுக்கு இலவச அனுமதி இனி கிடையாது என்றார் சபா செயலாளர் ரங்கபாஷ்யம். கேன்டீனில் பரிமாறும் செண்பகவல்லி மட்டும், "நிறுத்தாதீங்க சார்" என்றாள்.

"இந்த வயசுக்கு ரசனை ஏது? கச்சேரி முழுக்க எழுந்திருக்காம உட்காருற பத்துப் பேரைக் காட்டு, பார்க்கலாம்."

"இன்னிக்கு நீங்க கேன்டீனுக்கு வரும்போது காட்டறேன் சார்."

மாலை, பாட்டு ஓய்ந்து மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. வழக்கம்போல முன்வரிசைப் பெரியவர்கள் காப்பிக்குக் கிளம்பினார்கள். செயலாளரும் வந்து தம்ளரை வாங்கினார்.

செண்பகவல்லி அரங்கக் கதவைத் திறந்தாள். முன்வரிசைகள் காலி. பின்வரிசைகளில் மாணவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணிக்கோங்க சார். எழுந்து வந்தவங்க எல்லாரும் இங்கே இருக்காங்க."

செயலாளர் குடிக்காத காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனார். தன் நாற்காலிக்குப் போகாமல் மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.