யானைக்குட்டிக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ்

குப்பாண்டியூரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்களே வாரத்துக்கு ஒருமுறை வழி கேட்டுத்தான் வீடு போய்ச் சேருகிறார்கள். அங்கே ஸ்டூடியோ வைத்திருப்பவர் சிகாமணி. இருபது வருஷமாகப் பழைய பிலிம் காமிராவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்ததெல்லாம் விண்ணப்பத்தில் ஒட்டி, மூக்கின்மேல் முத்திரை வாங்கியதோடு சரி. ஒன்றுகூட ஒரு சுவரில் தொங்கியதில்லை. பாவம், அந்த ஏக்கம் மனுஷனை அரித்துக்கொண்டே இருந்தது.

காட்டு மிருகங்களின் குட்டிப் படம் வேண்டும், நல்லதைக் காலண்டரில் போடுவோம் என்று ஓர் அச்சகத்தார் அறிவித்திருந்தார்கள். காலண்டர் என்றால் ஊரெல்லாம் சுவர். மறுநாள்தான் கடைசித் தேதி. சிகாமணி தன் மனைவியின் தம்பி சென்னியப்பனையும், ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் நாச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு சஃபாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஓட்டுநர் போஜன் சொன்னது இரண்டே விஷயம். "கீழ இறங்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது."

கொஞ்ச தூரத்தில் இரண்டு மான்குட்டிகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. சிகாமணி காமிராவைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங் மச்சான்?" என்று கிசுகிசுத்தார் சென்னியப்பன்.

"அமுக்குனா 'க்ளிக்'குனு சத்தம் வருமே மாப்ளே."

"அது காமிரா போடற சத்தமுங்க. நாம போடலையே."

"அமுக்கறது நான்தானே?"

நாச்சிமுத்து ரொம்ப நேரம் யோசித்தார். "வாசிக்கறவரு ஊதாம நாயனம் சத்தம் போடாதுங்க மொதலாளி. தப்பு நம்ம மேலதான் வரும்."

அது நியாயமாகத்தான் பட்டது. மான்குட்டிகள் வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் போய்விட்டன. போஜன் தலையில் அடித்துக்கொண்டு, க்ளிக் சத்தம் பரவாயில்லை என்று அனுமதி கொடுத்தார்.

அடுத்து ஒரு யானைக்குட்டி. ஆனால் அது தாயின் காலிடுக்கில் ஒண்டிக்கொண்டு நின்றது. சிகாமணி உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு காதும் தெரியணும். நேராப் பாக்கணும். கூட ஆள் நிக்கவே கூடாது. டிரைவர், அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

போஜனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்களே சொல்லுங்க சார்!"

சிகாமணி எழுந்து நின்று, கை கூப்பி, வாய் நிறையச் சொன்னார்: "அம்மா, ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்கம்மா!"

அம்மா பிளிறிக்கொண்டு ஓடி வந்தது. போஜன் ஜீப்பைப் பின்பக்கமாகவே ஓட்டினார்.

"தள்ளித்தானே நிக்கச் சொன்னேன், கிட்ட வர்றாங்களே?" என்று சிகாமணி குழம்பிய நேரத்தில் காமிரா நழுவிக் கீழே விழுந்தது. யானை அதை ஒரு மிதி மிதித்துவிட்டு, கோபம் தீர்ந்து நின்றுகொண்டது. போஜன் வண்டியைத் திருப்பி விரட்டினார்.

சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் படம் கடைசி வரைக்கும் சுவரேறாது மாப்ளே."

மூடுபனி இறங்கத் தொடங்கியது. ஒரு புற்றின் அருகே போஜன் சட்டென்று பிரேக் போட்டார். "அசையாதீங்க. நல்ல பாம்பு. படம் எடுக்குது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவருகிட்டக் காமிராவைக் காணமே?" என்றார் சென்னியப்பன்.

"காட்டுல பொழைக்கறவரு மறைச்சுத்தான் வெச்சிருப்பாரு," என்றார் நாச்சிமுத்து.

சிகாமணி மெல்லத் திரும்பிப் பார்த்தார். தூரத்துப் பாதையில் அதே யானைக்குட்டி, தன்னந்தனியாக, இரண்டு காதையும் விரித்து நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது! அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"குனிங்கடா, அவருக்குக் குட்டி மறையுது!"

மூன்று தலைகளும் சீட்டுக்கடியில் போயின. பாம்பு ஆற அமர ஒரு நிமிஷம் படம் எடுத்தது. பிறகு தலையைத் தாழ்த்திப் புற்றுக்குள் நுழைந்தது.

"எங்க போறாரு?" என்று பதறினார் சிகாமணி.

"டார்க் ரூமுக்குங்க," என்றார் நாச்சிமுத்து. "பிலிமைக் கழுவ வேண்டாமா?"

பனி அடர்ந்துவிட்டதால் போஜன் விளக்குப் பொத்தான்மேல் கை வைத்தார். மூவரும் அந்தக் கைமேல் பாய்ந்து விழுந்தார்கள்.

"லைட்டைப் போட்டுடாதீங்க சாமி!" என்று அலறினார் சிகாமணி. "வெளிச்சம் உள்ள போனா குட்டி மொத்தமும் வெளுத்துப்போயிரும்!"