பாசி மாத்திரை

"இன்னும் எதற்கு மேடம் காத்திருக்கிறோம்?"

கேட்டவர் டாக்டர் மொகிதீன். இருபது வருடம் அறுவை மருத்துவராக இருந்துவிட்டு, ஐம்பது வயதில் கதிரியக்க மருத்துவம் படிக்க வந்தவர். ஆசிரியை ஜெபராணி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஈயப் பெட்டியில், புற்றைத் தேடிப்போய் அழிக்கும் கதிரியக்க அயோடின் தயாராக இருந்தது. எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். வார்டுக்குள் நோயாளி பேச்சியம்மாள், சத்துணவுக்கூடச் சமையல்காரர். தைராய்டை எடுத்த பிறகும் புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது.

"வேறு மருந்து சாப்பிடுகிறாரா?" என்றார் ஜெபராணி.

"கேட்டேன். இல்லை என்றார். எழுதியும் வைத்திருக்கிறேன்."

ஜெபராணி கோப்பைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நேத்து எந்திரிச்சதுலேர்ந்து வாயில போட்டது எல்லாத்தையும் சொல்லுங்கம்மா."

"நீங்க சொன்ன மாதிரிதான் தாயி. மூணு வாரமா அயோடின் இல்லாத உப்பு. மீன் கிடையாது, முட்டை கிடையாது. காலையில கஞ்சி. அப்புறம் அந்தப் பாசி மாத்திரை."

"எந்தப் பாசி?"

பையிலிருந்து ஒரு டப்பா வந்தது.

"கடல்பாசியாம். தெம்பு வரும்னு மக வாங்கித் தந்தா. ரெண்டு மாசமா முழுங்குறேன்."

மொகிதீனின் குரல் உயர்ந்தது. "அத்தனையும் அயோடின்மா! நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க மருந்துன்னுல்லா கேட்டீங்க, ஐயா."

மொகிதீன் கோப்பில் தான் எழுதியிருந்த 'இல்லை'யைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு மருந்து குடுக்க மாட்டீங்களா?"

"குடுத்தாலும் புற்றுக்குள்ள போய்ச் சேராதும்மா. உடம்பெல்லாம் பாசியோட அயோடின் நிறைஞ்சு கிடக்கு. அது வடியட்டும். ஆறு வாரம் கழிச்சு, சோதிச்சுப் பார்த்துட்டுக் குடுப்போம்."

"அதுவரைக்கும் இது சும்மா இருக்குமா தாயி?"

ஜெபராணி அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"மெதுவா வளர்றதுதான். ஆனா சும்மா இருக்கும்னு நான் சொல்லமாட்டேன். வாரா வாரம் வாங்க."

இருவரும் ஜெபராணியின் அறைக்குத் திரும்பியதும் மொகிதீன் நாற்காலியில் சரிந்தார்.

"மேடம், போன மாதம் நான் மருந்து கொடுத்து அனுப்பிய நாலு பேர்..."

"அவர்களுக்கு என்ன?"

"அவர்களிடமும் 'வேறு மருந்து உண்டா' என்று மட்டும்தான் கேட்டேன்."

ஜெபராணி மேஜைத் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ? யாரு?"

'மருந்து' என்று தொடங்கப்போன மொகிதீன் நிறுத்திக்கொண்டார்; வேறு எப்படிக் கேட்பதென்று தேடினார்.