சுவரில் வந்த கடல்

ஐம்பத்தோராவது வயதில் செண்பகவல்லி டீச்சர் சீடரானார். குருவுக்கு வயது முப்பத்து மூன்று.

காரணம் கடல். அவருடைய பள்ளி தேயிலை மலையின் உச்சியில் இருந்தது. ஏழாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கடல் பாடம் வரும். கரும்பலகையில் வளைவு வளைவாக ஒரு கோடு போட்டு, இதுதான் அலை என்பார். மலையை விட்டு இறங்காத பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒருமுறை, கடல் என்றால் என்ன என்ற தேர்வுக் கேள்விக்கு ஒருவன் ‘வளைந்த கோடு’ என்று எழுதியிருந்தான். அதைத் தப்பென்று சுழிக்க அவருக்குக் கை வரவில்லை. அவர் காட்டியதைத்தானே அவன் எழுதினான்.

அந்த ஆண்டு பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் வந்தது. மலையடிவாரத்து ஆசிரியர் பயிற்சி மையத்தில், லேப்டாப்பில் ஸ்லைடு தயாரிக்கக் கற்றுத் தந்தவர் இர்ஃபான். செண்பகவல்லி சனிக்கிழமை தோறும் முதல் பேருந்தில் இறங்கி அவரிடம் போனார்.

இர்ஃபான் அதிகம் பேச மாட்டார். ஒரு ஸ்லைடில் செண்பகவல்லி பதினைந்து வரி எழுதியிருந்தால், அதைத் திரையில் போட்டுவிட்டு, அறையின் கடைசி நாற்காலியில் அவரை உட்கார வைப்பார். செண்பகவல்லி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எழுந்து வந்து பத்து வரியை அழிப்பார். பாடம் அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் கடல் தயாரானது. இருபத்தாறு ஸ்லைடுகள், சிலவற்றில் ஓடும் படங்கள்.

அன்று காலையிலிருந்தே மூடுபனி. வகுப்பு ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். பனி கம்பளிக்கு அடியில் நுழைந்து, புரொஜெக்டரின் ஒளிக்கற்றைக்குள் மெல்ல நீந்தியது. சுண்ணாம்பு அடித்த சுவரில் கடல் வந்தது. அலை எழுந்து, மடிந்து, நுரையாகிப் பின்வாங்கியது. மீன் கூட்டம் ஒரே உடம்பாகத் திரும்பியது. பிள்ளைகளின் முகங்கள் நீலமாயின. முன் பெஞ்சில் ஒருத்தி காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள், நனைந்துவிடும் என்பதுபோல.

இருபத்தெட்டு ஆண்டுகளில் தன் வகுப்பில் அப்படி ஓர் அமைதியை செண்பகவல்லி கேட்டதில்லை. வெளியே வந்தபோது அவருக்கே கால் தரையில் பாவவில்லை.

செய்தி பரவியது. கல்வி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். அவர் பாடத்தைப் படம்பிடித்து வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள்.

அதற்குள் பிள்ளைகளிடம் தாள் கொடுத்து, ஆளுக்கொரு கடல் வரைந்து வரச் சொல்லியிருந்தார். மறுநாள் தாள்களை வாங்கி மேசையில் பரப்பினார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் ஒரே கடல். இடது பக்கம் சிவப்புப் படகு, மேலே மூன்று பறவைகள். அவருடைய நான்காவது ஸ்லைடு. ஒருவன் மூலையிலிருந்த ஸ்லைடு எண்ணையும் விடாமல் வரைந்திருந்தான்.

ஒரு தாளில் மட்டும் ஒன்றுமில்லை. சகாயமேரியின் தாள். கடற்கரையிலிருந்து வந்த பெண். அப்பா இறந்த பிறகு, அம்மா கொழுந்து பறிக்கும் வேலை தேடி அவளையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்திருந்தாள். சேர்ந்து நான்கு மாதமாகியும் வகுப்பில் அவள் வாய் திறந்ததில்லை. ஏன் வரையவில்லை என்று செண்பகவல்லி கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை தாள்களோடு இறங்கினார். எந்த ஸ்லைடில் தப்பு, எதை மாற்ற வேண்டும் என்று கேட்டார். இர்ஃபான் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெற்றுத் தாளைத்தான் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு, திங்கட்கிழமை தான் வருவதாகவும், அதே பாடத்தை அப்படியே மறுபடி எடுக்கும்படியும் சொன்னார்.

திங்கட்கிழமையும் பனி இருந்தது. இர்ஃபான் வகுப்பின் ஓரமாக, லேப்டாப் இருந்த மேசையருகே நின்றுகொண்டார். செண்பகவல்லி கையில் ரிமோட்டுடன் சுவருக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தார். கடல் வந்தது. படகு வந்தது. பறவைகள் வந்தன. பிள்ளைகள் மறுபடி நீலமானார்கள்.

பதினோராவது ஸ்லைடில், இர்ஃபான் குனிந்து லேப்டாப்பில் ஒரு விசையை அழுத்தினார்.

சுவர் கறுத்தது.

செண்பகவல்லி திரும்பினார். வயர் பிடுங்கிக்கொண்டதென்று நினைத்து மேசைப் பக்கம் நகர்ந்தார். வேண்டாம் என்று இர்ஃபான் கையை மட்டும் அசைத்தார்.

இருட்டில் புரொஜெக்டரின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. யாரோ கரண்ட் போச்சா என்றார்கள். யாரோ சிரித்தார்கள். அதுவும் அடங்கியது. பனியின் ஈரம் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து போவதுபோல் இருந்தது.

"ராத்திரியில கடல் இப்படித்தான் இருக்கும்."

யார் குரல் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. அதை அவர் அதற்குமுன் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் தெரியாது. சத்தம் மட்டுந்தான் கேக்கும். எங்கம்மா கரையில நின்னு காதைக் குடுத்துக் கேக்கும். கடல் இன்னைக்குச் சும்மாருக்கா, கோவமாருக்கான்னு சத்தத்தை வெச்சே சொல்லும். அப்புறந்தான் எங்கப்பா வள்ளத்தைத் தள்ளும்."

ஒருவன், கோபமாக இருந்தால் என்ன சத்தம் வரும் என்று கேட்டான். சகாயமேரி தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். கடலுக்கு வாசம் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். கடல் தூங்குமா என்றான் இன்னொருவன். நம் மலையிலிருந்து ஓடுகிற தண்ணீர் அங்கே போய்ச் சேருமா, சேர்ந்ததும் அதற்குத் தெரியுமா என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்கள். சகாயமேரி தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். கறுத்த சுவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதில் ஏதோ தெரிந்தது.

செண்பகவல்லி இரண்டே முறை கடலைப் பார்த்தவர். ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவரும் ஒரு கேள்வி கேட்டார். வள்ளம் திரும்பி வருவது இருட்டில் எப்படித் தெரியும்?

"அம்மாவுக்குத் தெரியும் டீச்சர்," என்றாள் சகாயமேரி. சற்றுப் பொறுத்து, "வராட்டாலும் தெரியும்," என்றாள்.

பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து அவளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இர்ஃபான்தான் கடைசியில் ஜன்னல் கம்பளிகளை ஒவ்வொன்றாக விலக்கினார்.

பேருந்து நிறுத்தம் வரை செண்பகவல்லி அவரோடு நடந்தார். இருபுறமும் தேயிலைச் செடிகள் பனிக்குள் மூழ்கிக் கிடந்தன. படம்பிடிக்க வருகிறவர்களை வர வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். வரட்டும், படங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார் இர்ஃபான்.

தூரத்தில் பேருந்தின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"அப்படின்னா அந்தக் கறுப்பை மட்டும் சொல்லுங்க சார்," என்றார் செண்பகவல்லி. "பதினோராவது ஸ்லைடுலதான் வைக்கணுமா? அந்த இடத்துல என்ன விசேஷம்?"

"ஸ்லைடு எதுன்னு நான் பாக்கல டீச்சர்," என்றார் இர்ஃபான். "சகாயமேரி ரொம்ப நேரமா கையைத் தூக்கிக்கிட்டு இருந்தா. அப்பதான் இறக்குனா."