கோதண்டம் தேய்த்த தரை

குன்னூருக்கு மேலே ஒரு மடம். அதன் தியானக்கூடத்துக்குத் தேக்குப் பலகைத் தரை. பாலிஷ் திட்டுத்திட்டாக உரிந்து, கறுத்துப் போய்க் கிடந்தது. ஆசாரியைக் கூப்பிடலாம் என்று பேச்சு எழுந்ததும் கோதண்டம் குறுக்கே விழுந்தார். ஹார்டுவேர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்த சீடர் அவர். ஆயுசெல்லாம் உப்புத்தாள் விற்றவன் இருக்கும்போது இதற்குப் போய் ஆளா என்றார். நம் வேலையை நாமே செய்வதுதானே இங்கே வழக்கம் என்றும் கேட்டார். மடத்துச் சாமி அவரைவிட வயதில் இளையவர். சரி, செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் நன்றாகவே செய்தார். தேய்க்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து, மர ரேகை ஓடும் போக்கிலேயே தள்ளினார். கறுப்பு விலகித் தேன் நிறம் எழும்பியது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். வந்தது வினை. பாராட்டைக் கேட்டு நின்றவர், மெஷினை அணைக்க மறந்துபோனார். அந்த மெஷின் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் மரத்தில் பள்ளம் பறித்துவிடும். பறித்தது, அதுவும் சாமி உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

யாரிடமும் சொல்லாமல் பள்ளத்தைச் சுற்றித் தேய்த்தார். பள்ளம் அகலமானதுதான் மிச்சம். விடுவாரா? மறுபடியும் தேய்த்தார். கடைசியில் பலகைக்குள்ளிருந்து ஆணித்தலைகள் எட்டிப் பார்த்தன. இன்னும் ஒரு நூல் ஆழம் போனால் பலகை பிளந்துவிடும். பிறகு தரையே இல்லை. கோதண்டத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் எல்லோரும் தலை மழித்துக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமிதோறும் நடப்பதுதான். தாடியை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். தலையை மட்டும் ஒருவருக்கு ஒருவர் மழித்துவிடுவார்கள். கோதண்டம் சாமியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"வேலையில் கை வைத்தது தப்பில்லை சாமி. நிறுத்தாததுதான் தப்பு. எந்த இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

சாமி சவரக்கத்தியையும் கண்ணாடியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். இன்றைக்கு உங்கள் தலையை நீங்களே மழியுங்கள் என்றார்.

கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கோதண்டத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். நெற்றிக்கு மேலே கத்தி லாகவமாக ஓடியது. உச்சியும் சுத்தமானது. காதோரத்தில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்தார். கைக்குத் தெம்பு வந்துவிட்டது.

கத்தி பின்னந்தலைக்குப் போனது. அங்கே நின்றது.

கோதண்டம் கத்தியைத் திருப்பிப் பிடித்துச் சாமியிடம் நீட்டினார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

"இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை சாமி. நானே மழித்தால் வெட்டிக்கொள்வேன்."

"அதை உங்களுக்கு யார் சொன்னது?"

கோதண்டம் கண்ணாடியைக் கீழே வைத்தார். சாமி கத்தியை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றார்.

"தலையைக் குனியுங்கள். முடிந்ததும் போய் ஆசாரிக்கு ஃபோன் போடுங்கள்."