உத்தரத்துக்கு அடியில் ஓர் இலை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் மீசை நீளமாகவும் இருந்த நாளில், செங்குன்ற நாட்டை மகுடவர்மன் ஆண்டு வந்தான். அவன் நினைத்தால் நினைத்ததுதான். ஒரு நாள் காலையில், கோடை மாளிகையின் மயில் தன்னை முறைத்துவிட்டது என்று சொல்லி, மாளிகையையே விற்கும்படி உத்தரவு போட்டான்.

பக்கத்து நாட்டு அரசி செண்பகதேவி வாங்க முன்வந்தாள். ஒரே நிபந்தனை: விற்கும் முன் நல்ல தச்சர் ஒருவர் மாளிகையைச் சோதித்து, உள்ள குறைகளை ஓலையில் எழுதித் தர வேண்டும்.

மூக்கையா ஆசாரியை அனுப்பினார்கள். மனிதர் இரண்டு நாள் ஒவ்வொரு மரத்தையும் கொட்டாப்புளியால் தட்டி, காது வைத்துக் கேட்டார். பிறகு நறுக்கென்று எழுதினார்: 'நடுக்கூடத்தின் கூரையைத் தாங்கும் உத்தரம் உள்ளே செல்லரித்திருக்கிறது. மாற்றாமல் விற்கக் கூடாது.'

அந்த மாளிகையைக் கட்டி முடித்தவர் சபாரத்தினம். அரசவையில் அவருக்கு இரண்டு வேலை: ராஜா தும்மினால் வாழ்த்துவது, மந்திரி ஆதிமூலம் வாய் திறந்தால் முகம் சுளிப்பது. அவையில் ஓலை வாசிக்கப்பட்டதும் துள்ளி எழுந்தார்.

"பிரபு! காட்டையே அலசிப் பொறுக்கிய தேக்கு அது. அதில் செல்லா? இது உத்தரத்துக்கு வந்த பழி இல்லை, தங்கள் பரம்பரைக்கே வந்த பழி!"

"என் வீட்டில் பூச்சியா?" என்று ராஜா மீசையை முறுக்கினான். "ஓலை எழுதிய அந்தக் கையை வெள்ளிக்கிழமை வெட்டுங்கள்!"

"ஆஹா, என்ன நியாயம்!" என்றது அவை. இன்னொரு தீர்ப்பு சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும்.

ஆதிமூலத்துக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஆசாரிக்குக் கை போனால் சோறு போனது. அவர் நேரே ஆசாரியை அடைத்திருந்த சிறைக்குப் போனார்.

"ஆசாரியாரே, அந்த உத்தரம் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"ஐப்பசி மழை வரைக்கும் அசையாது சாமி. அதுக்கப்புறம் நான் பொறுப்பில்ல. அதுவரைக்கும் எனக்குக் கை இருக்குமான்னுதான் தெரியல."

மறுநாள் மந்திரி ராஜாவிடம் பணிவாகச் சொன்னார்: "மகாராஜா, சபாரத்தினம் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். கையை வெட்டும் முன் அந்த உத்தரத்தின் பெருமையை எல்லோரும் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை மதியம் அதற்கு அடியிலேயே ஒரு விருந்து வைப்போம்."

"வடை உண்டா?"

"இரண்டு வகை."

"அருமையான யோசனை!"

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜாவுக்குச் சுவரோரம் மணை. உத்தரத்துக்கு நேர் கீழே அவையோருக்கு வரிசையாக இலை. நட்ட நடுவில், கட்டியவருக்கு மரியாதையாக, சபாரத்தினத்தின் இலை. பக்கத்திலேயே ஆதிமூலம்.

சபாரத்தினம் மேலே பார்த்தார். "இங்கே வெயில் அடிக்கிறதே" என்று இலையை நகர்த்தினார். சன்னலைச் சாத்தினார்கள். "இப்போது காற்றே வரவில்லை" என்று இன்னும் நகர்ந்தார். விசிறி வந்தது. "தெற்கு பார்த்துச் சாப்பிட்டால் எனக்கு ஆகாது" என்றார். ரசம் வருவதற்குள் வாசற்படிக்கே போய்விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக இலையை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். உத்தரத்துக்கு அடியில் ஆதிமூலம் மட்டும் தனியாக உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நல்ல இடம் காலியாகக் கிடக்கிறதே! நான் அங்கே வருகிறேன்" என்று ராஜா எழுந்தான்.

"ஐயோ, வேண்டாம் பிரபு! விழுந்துடப் போகுது!" என்று வாசற்படியிலிருந்து ஓர் அலறல்.

ராஜா வாசற்படிப் பக்கம் திரும்பினான்.

"எது விழும், சபாரத்தினம்?"

"அது வந்து... அப்போ தேக்கு கிடைக்கலை பிரபு. இலவ மரத்துக்குத் தேக்கு மாதிரி வர்ணம் பூசி..."

ராஜாவின் முகம் சிவந்தது. மந்திரியின் பக்கம் திரும்பினான். "எல்லாம் தெரிந்தும் நீர் எப்படி அய்யா அங்கே உட்கார்ந்து மூன்று முறை பாயசம் வாங்கினீர்?"

"ஐப்பசி வரை தாங்கும் என்று ஆசாரி சொன்னார், மகாராஜா. நான் அவர் சொல்லை நம்பினேன். சபாரத்தினம்தான் தன் சொல்லையே நம்பவில்லை."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூக்கையாவை அழைத்துவரச் சொல்லி, வெட்டச் சொன்ன அதே கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுடையது" என்றான். அந்தக் கைக்குத் தங்கக் காப்பும் போட்டான்.

உடனே அவை முழுவதும் எழுந்தது. "எங்களுக்கும் அப்போதே சந்தேகம்தான், பிரபு!"

"அப்படியா? ரொம்ப நல்லதாகப் போயிற்று" என்றான் ராஜா. "புது உத்தரம் ஏறும் வரை கூரைக்கு முட்டுக்கழி பிடிக்க ஆள் வேண்டும். எல்லோரும் வாருங்கள். சபாரத்தினம் நட்ட நடுவில் நிற்கட்டும்."

பிற்பாடு செண்பகதேவி அந்த ஓலையைப் படித்துவிட்டு, "தன் வீட்டுக் குறையைத் தானே எழுதி, சரிசெய்தும் தருகிறவரிடம் என்ன பேரம்?" என்று சொல்லி, கேட்ட விலைக்கே மாளிகையை வாங்கிக்கொண்டாள்.

உத்தரம் மாற்றுவது அரை நாள் வேலைதான். ஆனால் அவையோர் முட்டுக்கழி பிடித்து நின்ற அன்றைக்கு மூக்கையா ஆசாரி ரொம்ப நிதானமாகத்தான் இழைத்தார். நடுவில் இரண்டு தடவை வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டார்.